முடியைக் கரைப்பதா, வேரைத் தளர்த்துவதா?

தோல் செருப்பு ஒன்றையோ கைப்பை ஒன்றையோ எடுத்து, அதன் மேற்பரப்பை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்றுப் பாருங்கள். மேலே சாயப் பூச்சு கனமாக இல்லாவிட்டால், ஊசி முனையால் குத்தியது போன்ற நுண்ணிய துளைகள் பரப்பெங்கும் தெரியும். ஆட்டுத் தோலில் இவை சிறு சிறு வரிசைகளாக அமைந்திருக்கும். மாட்டுத் தோலில் ஏறத்தாழச் சீராகப் பரவி நிற்கும். துளைகளின் அமைப்பைப் பார்த்தே இது இன்ன விலங்கின் தோல் என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொரு துளையும் ஒரு முடி நின்ற இடம். ஒரு மாட்டின் உடலில் இத்தகைய முடிகள் பல லட்சம் இருந்திருக்கும். அவ்வளவு முடியும் எங்கே போயிற்று? சிரைத்து எடுத்தார்களா? இல்லை. சிரைத்தால் முடியின் அடிப்பகுதி தோலுக்குள்ளேயே தங்கிவிடும். பதனிட்ட தோலில் கரும்புள்ளிகளாகத் தெரியும். ஆகவே முடியை வேரோடு நீக்கவேண்டும். அதற்கு இரசாயன முறைதான் கைகொடுக்கிறது.

நூறாண்டுக்கு மேலாகப் பெருவழக்காய் இருந்துவரும் முறையில் மாட்டுத் தோலின் முடி கரைந்து, கூழாகி, கழிவுநீரோடு போய்விடுகிறது. ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் அங்ககக் கழிவில் மிகப் பெரும் பங்கு இந்த ஒரு கட்டத்திலிருந்தே வருகிறது. தொழிலாளியின் உயிருக்கு உலை வைக்கும் நச்சுவாயு ஒன்றும் இங்கேதான் கருக்கொள்கிறது. ஆகையால், முடியை எப்படி நீக்குவது என்ற கேள்வி வெறும் தொழில்நுணுக்கக் கேள்வி அன்று. ஆற்றங்கரை ஊர்களின் கிணற்று நீரும், தொட்டிக்குள் இறங்கும் மனிதனின் மூச்சும் அதனோடு பிணைந்துள்ளன.

இரண்டு புரதங்கள்

விலங்கின் தோலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். மேலே மெல்லிய மேற்றோல். நடுவில் தடித்த உட்டோல். அடியில் கொழுப்பும் சதையும் கலந்த அடுக்கு. பதனிட்டபின் நாம் 'தோல்' என்று வாங்குவது நடு அடுக்கை மட்டுமே. மற்ற இரண்டும் நீக்கப்பட வேண்டியவை.

நடு அடுக்கு 'கொலாஜன்' என்னும் புரத இழைகளால் ஆனது. கயிறு திரித்தாற்போல் முறுக்கிய இழைகள் கத்தைகளாகி, கத்தைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஒரு வலையாக நிற்கின்றன. தோலுக்கு வலிமையைத் தருவது இந்த வலையே. முடியோ 'கெரட்டின்' என்னும் வேறொரு புரதத்தால் ஆனது. நம் நகம், பறவையின் இறகு, மாட்டுக் கொம்பின் மேலுறை ஆகியவையும் கெரட்டினே.

இவ்விரு புரதங்களுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கெரட்டினில் 'சிஸ்டின்' என்னும் அமினோ அமிலம் மிகுதி; முடியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இதுவே. ஒவ்வொரு சிஸ்டின் மூலக்கூறிலும் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. ஏணியின் இரு கால்களைப் படிகள் பிணைப்பதுபோல, இந்த இரட்டைக் கந்தகப் பிணைப்புகள் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பூட்டி வைக்கின்றன. முடியின் உறுதிக்கு இதுவே காரணம். கொலாஜனில் இத்தகைய பிணைப்பு கிட்டத்தட்ட இல்லை எனலாம்.

ஆகவே கந்தகப் பிணைப்பை மட்டும் தேடி உடைக்கும் ஒரு பொருள் கிடைத்தால், அது முடியைச் சிதைக்கும், தோலை விட்டுவிடும். முடி நீக்கும் இரசாயன முறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே அடிப்படையில் எழுந்தவை. அழகுசாதனக் கடைகளில் விற்கும் முடி நீக்கும் களிம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பழங்காலத்து வழிகள்

வேதியியல் வளராத காலத்தில் மனிதன் அழுகலையே கருவியாகக் கொண்டான். பச்சைத் தோல்களைச் சூடும் ஈரமும் உள்ள அறையில் குவித்து வைத்தால், பாக்டீரியாக்கள் பெருகி முடியின் வேரைச் சுற்றியுள்ள மென்மையான திசுவை முதலில் தின்னும். முடி தளர்ந்து, கையால் வழித்தால் வந்துவிடும். சில மணி நேரம் கவனிக்காமல் விட்டாலோ தோலே அழுகிவிடும்.

பிறகு சுண்ணாம்பு வந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்து, வளைந்த பலகைமேல் போட்டு, மழுங்கிய கத்தியால் முடியை வழித்தெடுத்தார்கள். வேலையை விரைவுபடுத்தச் சுண்ணாம்போடு மனோசிலை போன்ற ஆர்செனிக் சல்பைடுகளைச் சேர்ப்பதும் உண்டு. மெல்லிய கையுறைத் தோல்களுக்கு இம்முறை பெயர் பெற்றது. ஆர்செனிக்கோ கொடிய நஞ்சு.

நம் நாட்டில் எருக்கம்பாலும் முடி நீக்கப் பயன்பட்டிருக்கிறது. வேலியோரத்து எருக்கின் வெண்பாலில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருப்பதை அறிவியல் பின்னாளில் கண்டது. இந்த எருக்கைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

சுண்ணாம்பும் சல்பைடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோடியம் சல்பைடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் தொழிலின் போக்கே மாறியது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரே நாளில் முடிந்தது. இன்றும் உலகின் பெரும்பாலான தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்ந்தே இவ்வேலையைச் செய்கின்றன.

நூறு கிலோ தோலுக்குச் சுமார் இரண்டு மூன்று கிலோ சோடியம் சல்பைடும், அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ சுண்ணாம்பும் இடுவது வழக்கம். பெரிய மரப் பீப்பாய் போன்ற டிரம்மில் தோல்களையும் நீரையும் இட்டுச் சுழற்றுவார்கள். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்துகிறது. அமில காரத் தன்மையை அளக்கும் பி.எச். மதிப்பு ஏழானால் நீர் நடுநிலையில் உள்ளது. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். சுண்ணாம்பு நீரில் அது 12-ஐத் தாண்டி நிற்கும். அந்தக் காரச் சூழலில் சல்பைடு கந்தகப் பிணைப்புகளை விரைந்து உடைக்கிறது. ஏணியின் படிகள் முறிய, முடி சில மணி நேரத்தில் பசைபோல் குழைந்து நீரில் கலந்துவிடுகிறது.

சுண்ணாம்புக்கு இன்னொரு பணியும் உண்டு. அது கொலாஜன் வலையை வீங்கவைத்து, இழைக் கத்தைகளைப் பிரித்து, இடையிலுள்ள தேவையற்ற புரதங்களை வெளியேற்றுகிறது. இழைகள் பிரிந்தால்தான் பின்னால் இடும் பதப்பொருள் உள்ளே புகும். தோல் மென்மையாவதும் இதனால்தான். முடி நீக்கும் புதிய முறை எதுவாயினும் இந்த இரண்டாவது பணிக்கும் விடை சொல்லவேண்டும்.

சுண்ணாம்பு நீரில் மிகக் குறைவாகவே கரையும்; ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராம்கூடக் கரைவதில்லை. எவ்வளவு அள்ளிப் போட்டாலும் காரத்தன்மை ஒரு வரம்பைத் தாண்டாது. அளவு சற்றுப் பிசகினாலும் தோல் கெடாமல் இருப்பதற்கு இதுவே காரணம். கரையாமல் எஞ்சிய சுண்ணாம்போ முழுவதும் சேறாகிறது.

என்ன கேடு?

கேடுகள் மூன்று. முதலாவது, கரைந்த முடி. முடி திடப்பொருளாக இருந்தால் ஒரு சல்லடையால் அள்ளிவிடலாம். கரைந்த புரதத்தைச் சல்லடையில் பிடிக்க முடியாது. நீரில் கலந்த அதை நுண்ணுயிரிகள் தின்னும். தின்னும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிஜன் தீர்ந்த நீரில் மீன் வாழாது, நாற்றமே எஞ்சும்.

இரண்டாவது, எஞ்சிய சல்பைடு. இதுவும் ஆக்சிஜனைக் குடிக்கும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் தோலுக்கு 25 கிலோ சோடியம் சல்பைடு இடுவதாகக் கொள்வோம். சந்தையில் கிடைக்கும் சரக்கில் சுமார் 60 விழுக்காடுதான் உண்மையான சல்பைடு. அதிலுள்ள கந்தகம் ஏறத்தாழ 6 கிலோ. சல்பைடிலுள்ள ஒரு கிலோ கந்தகம் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைய 2 கிலோ ஆக்சிஜன் தேவை. ஆக 6 கிலோவுக்கு 12 கிலோ. நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய ஆற்று நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். அப்படியானால் அந்த 12 கிலோ, 15 லட்சம் லிட்டர் நீரிலுள்ள ஆக்சிஜன் முழுவதற்கும் சமம். இட்ட சல்பைடு அத்தனையும் ஆற்றை அடைவதில்லை என்பது உண்மையே. ஆனால் கரைந்த முடியின் பசியை இக்கணக்கில் நாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

மூன்றாவது கேடு கொடியது. காரம் மிகுந்த நீரில் இருக்கும்வரை சல்பைடு அடங்கிக் கிடக்கும். காரம் குறையக் குறைய அது ஹைடிரஜன் சல்பைடு என்னும் வாயுவாக மாறும். பி.எச். 12 ஆக இருக்கும்போது இந்த வாயு அநேகமாக இல்லை. 9-க்கு இறங்கினால், கரைந்த சல்பைடில் நூற்றில் ஒரு பங்கு வாயு வடிவம் கொள்ளும். 8-இல் பத்தில் ஒரு பங்கு. 7-இல் சரிபாதி.

அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் அறிந்த வாயுதான் இது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு கண்டுகொள்ளும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் முகரும் நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று மனிதன் நினைப்பான். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே சுயநினைவு தவறி விழுவான். காற்றைவிடக் கனமான இந்த வாயு பள்ளங்களிலும் தொட்டிகளிலும் தேங்கி நிற்கும். கழிவுத் தொட்டியில் இறங்கி மயங்கியவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்க, அவரைத் தேடி மூன்றாமவர் இறங்க, மூவரும் மாண்ட செய்திகளை நாளேடுகளில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம்.

காரம் எப்போது குறைகிறது? முடி நீக்கியபின் தோலிலுள்ள சுண்ணாம்பை அகற்றும்போது பி.எச். 8 அளவுக்கு இறக்கப்படுகிறது. தோலில் சல்பைடு எஞ்சியிருந்தால் அங்கே வாயு எழும். குரோமியத்தால் பதனிடும் பிரிவிலிருந்து வரும் நீர் அமிலத்தன்மை உடையது. அது சல்பைடு நீரோடு ஒரே வாய்க்காலில் கலந்தாலும் அதே கதிதான். இவ்விரு நீர்களையும் தனித்தனி வாய்க்கால்களில் விடவேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே.

முதல் வழி: முடியை முடியாகவே எடுப்பது

முடி முழுவதையும் கரைக்கத் தேவையில்லை. வேரை மட்டும் தளர்த்தினால் போதும். தூய்மையான முறைகள் யாவும் இந்த ஓர் எண்ணத்தைச் சுற்றியே வளர்ந்துள்ளன.

ஆட்டுத் தோலில் இது பழைய வழக்கமே. சுண்ணாம்பையும் சல்பைடையும் குழம்பாக்கித் தோலின் சதைப் பக்கத்தில் பூசி, இரு தோல்களின் சதைப் பக்கங்கள் ஒட்டும்படி அடுக்கி வைப்பார்கள். மருந்து உள்ளிருந்து ஊறி வேரை எட்டும். வெளியே நிற்கும் முடித் தண்டைத் தொடாது. மறுநாள் முடியை வழித்தெடுத்து விற்கவும் செய்யலாம். ஆனால் தடித்த மாட்டுத் தோலில் பூசிய மருந்து எளிதில் ஊடுருவாது. டிரம்மில் இட்டாலோ மருந்து வெளிப்புறத்திலிருந்து முதலில் முடியைத்தான் தாக்கும்.

இதற்கு வேதியியல் ஒரு நல்ல தந்திரம் சொல்லிக்கொடுத்தது. சல்பைடு இடுவதற்கு முன் தோலைச் சுமார் ஒரு மணி நேரம் சுண்ணாம்பில் மட்டும் சுழற்றினால், முடித் தண்டிலுள்ள இரட்டைக் கந்தகப் பிணைப்புகளில் பல ஒரு கந்தக அணுவை இழந்து ஒற்றைக் கந்தகப் பிணைப்பாக மாறிவிடுகின்றன. சல்பைடால் இப்புதிய பிணைப்பை உடைக்க முடியாது. அம்மை குத்திக்கொண்ட உடலை அம்மை அண்டாததுபோல, சுண்ணாம்பு கண்ட முடித் தண்டைச் சல்பைடு அண்டாது. வல்லுநர்கள் இதற்கு 'நோய்த்தடுப்பு' என்ற பெயரையே கொடுத்திருக்கிறார்கள்.

தோலுக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பகுதியோ இன்னும் முதிராத இளம் கெரட்டின். அங்கே சுண்ணாம்பு போய்ச் சேரவும் நேரமாகும். ஆகவே வேருக்குத் தடுப்பு ஏற்படுவதில்லை. இப்போது அளவாகச் சல்பைடு இட்டால் அது வேரை மட்டும் சிதைக்கும். முடி முழுசாகக் கழன்று வரும். டிரம்மிலுள்ள நீரைக் குழாய் வழியே ஒரு சல்லடைக்கு அனுப்பி, முடியைப் பிரித்துவிட்டு, நீரை மீண்டும் டிரம்முக்கே திருப்பலாம். இதைத் தாமதிக்காமல் செய்யவேண்டும். கழன்ற முடி மருந்து நீரிலேயே நெடுநேரம் கிடந்தால் அதுவும் மெல்லக் கரையத் தொடங்கும்.

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் 1980களில் 'சைரோலைம்' என்ற முறையை உருவாக்கியது. இதில் முதலில் காரம் குறைந்த நிலையில் ஹைடிரோசல்பைடு என்னும் உப்பைத் தோலுக்குள் ஊறவிடுவார்கள். பிறகு, வெளியே எஞ்சிய சல்பைடை ஹைப்போகுளோரைட்டு என்னும் சலவைத்தூள் வகைப் பொருளால் அழித்துவிடுவார்கள். கடைசியாகச் சுண்ணாம்பு இட்டதும் உள்ளேயிருக்கும் சல்பைடு மட்டும் விழித்தெழுந்து வேரைத் தாக்கும். ஆட்டுத் தோலின் சதைப் பக்கத்தில் மருந்து பூசும் நம்மவர் உத்தியும் இதுவும் அடிப்படையில் ஒரே எண்ணமே.

இரண்டாம் வழி: நொதிகள்

வேரைத் தளர்த்துவதுதான் நோக்கம் என்றால் சல்பைடு எதற்கு? முடியைத் தோலோடு ஒட்டவைத்திருக்கும் பசைப்பொருளை மட்டும் கரைக்கும் நொதி போதாதா? பழங்காலத்து அழுகல் முறையிலும் வேலை செய்தவை பாக்டீரியாக்கள் சுரந்த நொதிகளே. அழுகல் இன்றி நொதியை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவதே அறிவியலின் வழி.

இத்துறையில் முன்னோடி ஜெர்மன் வேதியியலார் ஓட்டோ ரோம். அக்காலத்தில் சுண்ணாம்பு நீக்கிய தோலை மென்மையாக்க நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் கரைத்துப் பயன்படுத்தினார்கள். அவற்றிலுள்ள செரிமான நொதிகளே பயன் தருகின்றன என்று கருதிய ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அவ்வேலைக்குக் கொண்டுவந்தார்; 1907இல் ஓட்டோ ஹாஸ் என்பவருடன் சேர்ந்து ஒரு நிறுவனமும் தொடங்கினார். தொழிலில் நொதியின் காலம் அங்கே பிறந்தது. முடி நீக்கவும் நொதியை ஏவும் முயற்சிகள் அடுத்த சில ஆண்டுகளிலேயே தொடங்கின.

சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இவ்வழியில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது. அதன் முதல் இயக்குநர் பி. எம். தாஸ் அவர்களும் உடனாய்வாளர்களும் 1950களில் நொதிகள் முடியைத் தளர்த்தும் விதத்தை ஆராய்ந்தார்கள். நாம் மேலே கண்ட எருக்கம்பாலின் நொதியும் இங்கு ஆய்வுக்கு வந்தது. எருக்கிலிருந்து பெருமளவில் பால் சேகரிப்பது கடினம்; ஆகவே ஆய்வு நுண்ணுயிரிகளின் பக்கம் திரும்பியது. ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, அது சுரக்கும் நொதியைப் பிரித்து, 'கிளாரிசைம்' என்ற பெயரில் இந்நிலையம் ஒரு மருந்தை உருவாக்கியது.

நல்ல நொதி எதைச் செய்யவேண்டும் என்பதைப் போலவே, எதைச் செய்யக்கூடாது என்பதும் முக்கியம். முடி வேரைச் சுற்றியுள்ள புரதத்தையும் சர்க்கரையும் சேர்ந்த பசைப்பொருளை அது கரைக்கவேண்டும். கொலாஜனைத் தொடவே கூடாது. தொட்டால் தோலின் மேற்பரப்பு அரிபட்டு, பளபளப்புக் குன்றி, விலை போகாத சரக்காகிவிடும்.

சிக்கல் இங்கேதான். சுண்ணாம்பைப்போல் நொதி வரம்புக்குள் அடங்கி நிற்பதில்லை. வெப்பமும் நேரமும் கூடினால் அதன் வேலையும் கூடும். வாணியம்பாடியில் மார்கழி மாதத்து இரவில் சரியாக அமைந்த அளவு, சித்திரை வெயிலில் மிகையாகிவிடும். பெரிய முடிகள் போனாலும் சிறு பூனைமுடிகள் தங்கிவிடுவதும் உண்டு. நொதித்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமையும் மூச்சிளைப்பும் வரக்கூடும். எனவே முகமூடி அவசியம். இவற்றை எண்ணியே பல தொழிற்சாலைகள் நொதியோடு சிறிதளவு சல்பைடையும் சேர்த்துக்கொள்கின்றன. சல்பைடை அடியோடு ஒழிக்க முடியாவிட்டாலும் பெரிதும் குறைப்பது இன்றைக்கே கைகூடும் காரியம்.

சுண்ணாம்பின் இரண்டாவது பணியான இழை பிரித்தலுக்கும் விடை தேடப்பட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அடையாறு நிலையத்து ஆய்வாளர்கள் ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதியைக் கொண்டு இழைக் கத்தைகளைப் பிரித்துக் காட்டினார்கள். மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி இது. நம் உமிழ்நீரிலும் இவ்வகை நொதி உண்டு. இழைகளுக்கிடையே உள்ள பசைப்பொருளின் சர்க்கரைப் பகுதியை அது தாக்குகிறது. இவ்வாறு சுண்ணாம்பும் சல்பைடும் இன்றி முழுத் தோலையும் பதப்படுத்த இயலும் என்பது ஆய்வில் நிறுவப்பட்டது.

மூன்றாம் வழி: ஆக்சிஜனேற்றம்

கந்தகப் பிணைப்பை உடைக்கச் சல்பைடு ஒன்றுதானா உண்டு? ஹைடிரஜன் பெராக்சைடு ஆக்சிஜனை ஊட்டி அப்பிணைப்பை அறுக்கிறது. வேலை முடிந்தபின் அது நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அழுகிய முட்டை வாயு எழ வழியே இல்லை. தோலும் வெண்மையாகக் கிடைக்கும். ஆனால் இம்முறைக்கு வலுவான காரம் தேவை. கவனம் பிசகினால் கொலாஜனே பழுதாகும். மரத்தாலான டிரம்மையும் அது அரித்துவிடும். முடி கரைந்துபோவதும் இங்கே தவிர்க்க முடியாதது. வாயுக் கேடு தீர்ந்தாலும் கரைந்த புரதத்தின் கேடு தீரவில்லை.

சோடியம் குளோரைட்டு என்ற உப்பும் ஒரு காலத்தில் முயலப்பட்டது. அதிலிருந்து எழும் குளோரின் டையாக்சைடும் நச்சுவாயு என்பதால் ஒரு பேயை ஓட்டி இன்னொரு பேயை அழைத்த கதையாயிற்று.

இன்னொரு பாடமும் உண்டு. சல்பைடைக் குறைக்க டைமெத்தில் அமீன் என்ற பொருளை ஒரு காலத்தில் சேர்த்துவந்தார்கள். வேலை நன்றாக நடந்தது. ஆனால் அது காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு கூடி, புற்றுநோய் விளைவிக்கவல்ல நைட்ரோசமீனாக மாறக்கூடியது. 1970களின் இறுதியில் அமெரிக்கத் தோல் தொழிற்சாலை ஒன்றின் காற்றில் இந்த நைட்ரோசமீன் இருப்பது கண்டறியப்பட்டது. ஒரு மருந்தின் பெயரில் சல்பைடு இல்லை என்பதாலேயே அது தூயது ஆகிவிடாது. அது வேறு எதுவாக மாறும் என்பதையும் பார்க்கவேண்டும்.

முழுக் கணக்கு

பாலாற்றங்கரையில் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஊர்கள் தோல் தொழிலால் பிழைப்பும் பெற்றன. நிலத்தடி நீரை இழக்கவும் செய்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலைகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துவது பரவலாயிற்று.

சுத்திகரிப்பு தேவையே. சல்பைடு நீரில் சிறிதளவு மாங்கனீசு உப்பை ஊக்கியாக இட்டுக் காற்றை ஊதினால் சல்பைடு தீங்கற்ற பொருள்களாக மாறும். இது எளிய முறை. ஆனால் சுத்திகரிப்பு பொருளை மறையச் செய்வதில்லை. நீரிலிருந்து பிரித்துச் சேறாக்கி வைக்கிறது. 2015 ஜனவரி 31ஆம் நாள் அதிகாலையில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் நிலையம் ஒன்றின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பாய்ந்துவந்த சேற்றில் உறக்கத்திலேயே சிக்கித் தொழிலாளர் பதின்மர் மாண்டனர். அந்தச் சேறு முழுவதும் முடி நீக்கும் கட்டத்திலிருந்து வந்ததன்று. ஆயினும் கடைவாயிலில் பிடிக்கவேண்டிய கழிவு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குச் சேறும் அதனோடு வரும் ஆபத்தும் குறையும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. தொடக்கத்திலேயே முடியைக் கரைக்காமல் எடுப்பதன் பெருமை இதில்தான் இருக்கிறது.

எடுத்த முடியும் வீணன்று. உலர்ந்த கெரட்டினின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். மக்கவைத்தால் மெல்ல மெல்லப் பயிருக்கு ஊட்டம் தரும் உரமாகும். நீரில் கரைந்தால் ஆற்றுக்கு நஞ்சாகும் அதே பொருள், சல்லடையில் நின்றால் வயலுக்கு எருவாகிறது. ஆனால் இதற்கும் ஏற்பாடு வேண்டும். வாங்குவோர் இன்றி முடி குவியல் குவியலாகத் தேங்கினால், நீரின் சுமை நிலத்துக்கு மாறியதாகவே முடியும்.

இவற்றால் தீராத சிக்கலும் ஒன்று உண்டு. பச்சைத் தோல் அழுகாதிருக்கத் தடவும் உப்பு, முடி நீக்கும் முறை எதுவாயினும் நீரில் வந்து சேரத்தான் செய்யும். பாலாற்றுப் படுகைக் கிணறுகளை உவர்ப்பாக்கியதில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. குரோமியத்தின் கணக்கும் தனி. நொதி வந்துவிட்டது, இனி எல்லாம் தூய்மை என்று சொல்வோர் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறார்கள்.

இவ்வளவு தெரிந்தும் பழைய முறை ஏன் நீடிக்கிறது? சல்பைடு மலிவு. அதன் போக்கு கைதேர்ந்த தொழிலாளிக்கு அத்துபடி. அளவு சற்றுத் தவறினாலும் தோல் பிழைக்கும். நொதிக்கு வெப்பமானி வேண்டும், கடிகாரம் வேண்டும், பி.எச். அளக்கப் பழகிய கை வேண்டும். சல்லடைக்கும் குழாய்க்கும் முதல் வேண்டும். ஒரு தொகுதித் தோல் கெட்டால் சிறு முதலாளிக்கு அந்த ஆண்டே நட்டம். ஆனால் சல்பைடின் விலைச்சீட்டில் கிணற்று நீரின் விலை எழுதப்படவில்லை. தொட்டிக்குள் இறங்குபவனின் உயிருக்கும் அதில் இடமில்லை. அவற்றையும் சேர்த்துக் கூட்டினால் எது மலிவு என்பது வேறு விடையாக வரும்.

வேரைத் தளர்த்தினால் போதும் என்ற உண்மையை எருக்கம்பால் தடவிய பழைய தொழிலாளி தன் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தான். அது ஏன் போதும் என்பதை இன்று வேதியியல் விளக்கிவிட்டது. சுண்ணாம்பில் ஒரு மணி நேரம், அதன்பின் அளவான சல்பைடு, ஒரு சல்லடை, இரண்டு தனி வாய்க்கால்கள்: இவை விண்வெளி நுட்பங்கள் அல்ல. ஒரு சிறு தொழிற்சாலைகூட இவற்றிலிருந்து தொடங்கலாம். நொதியைப் பழகிக்கொள்ள அதன்பின் அவகாசம் உண்டு.